விமானம் பார்த்தல்: சில சிறு ஓசைகள், சில சிறு காட்சிகள்

பறவை பார்க்கிறவருக்கு நம் பத்திரிகைகளில் மரியாதை உண்டு. கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாக வேடந்தாங்கல் கரையில் நிற்பவரை இயற்கை ஆர்வலர் என்கிறோம். அதே பைனாகுலர், அதே நோட்டு, ஆனால் நிற்கிற இடம் விமானநிலைய வேலியோரம் என்றால் 'இவனுக்கு வேற வேலை இல்லையா?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் இவர்களை 'அனோராக்' என்று கேலி செய்வார்கள். மழைக்குப் போட்டுக்கொள்ளும், தலைமூடி வைத்த மேலுடுப்பின் பெயர் அது. ஆளைச் சொல்லாமல் அவன் உடுப்பைச் சொல்லி ஏளனம் செய்வது வர்க்க ஏளனத்தின் பழைய வழிகளில் ஒன்று. நமக்கு இது புதிதல்ல.

தமிழில் இந்தச் செயலுக்குத் தனிச்சொல் கிடையாது. 'வேடிக்கை பார்ப்பது' என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. மோசமான சொல் அல்ல. கொஞ்சம் கவனிக்கவேண்டிய சொல்தான். 'அங்க என்னடா வேடிக்க?' என்று மேஸ்திரியும் வாத்தியாரும் போலீஸ்காரரும் ஏறத்தாழ ஒரே தொனியில் கேட்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவன் எதையும் உற்பத்தி செய்வதில்லை, எதையும் வாங்குவதுமில்லை. நின்ற இடத்தில் நிற்கிறான், அவ்வளவுதான். டிக்கெட் எடுக்காமலேயே விமானத்திலிருந்து இன்பம் பெறுகிற ஒருவனை விமானக் கம்பெனியும் விரும்புவதில்லை, காவல்துறையும் விரும்புவதில்லை.

சரி, அந்த இன்பம் எதில் இருக்கிறது? நம் விமர்சகர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள்: இயந்திர வழிபாடு, ஆண்மைக் குறியீடு, ராணுவக் கனவு. ஓரளவுக்கு உண்மைதான். இந்த வேலியோரக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இந்தப் பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதே அதன் பலவீனம். இந்தப் பொழுதுபோக்கில் பிரமாண்டத்துக்கு இருக்கிற இடத்தைவிடச் சில்லறை விஷயங்களுக்கு இருக்கிற இடம் அதிகம். அந்தச் சில்லறைகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

லண்டன் ஹீத்ரோவுக்குக் கிழக்கே ஹட்டன் கிராஸ் பாதாள ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மிர்ட்டில் அவென்யூ என்று ஒரு சாதாரணத் தெரு. தெரு முடியுமிடத்தில் ஒரு துண்டுப் புல்தரை. மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் (பெரும்பாலான நாட்கள் அப்படித்தான்) தெற்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் இந்தப் புல்தரையையும் பக்கத்து வீடுகளின் புகைக்கூண்டுகளையும் ஒட்டியபடி தாழப் பறக்கும். ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. குடியிருப்போர் கொஞ்ச நேரமாவது மூச்சுவிடட்டும் என்று பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் பாதையை மாற்றுவது அங்கே நடைமுறை. ஆகவே 3 மணி ஆனதும் வானம் சட்டென்று காலியாகிவிடும். கூட்டம் தெர்மாஸ் பிளாஸ்குகளைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பாதைப் பக்கம் நகரும்.

அங்கே நிற்பவர் முதலில் பார்ப்பது விமானத்தை அல்ல, விளக்கை. தெளிவான மாலையில் கிழக்கு வானில் மூன்று, நான்கு வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கும். அசைவதாகவே தெரியாது. நேரே நம்மை நோக்கி வருகிற பொருள் நகர்வதில்லை, பெரிதாக மட்டுமே ஆகிறது. இருட்டிய பிறகு இறக்கை நுனியில் மின்னும் வெள்ளை விளக்கைக் கவனித்தால், ஏர்பஸ்ஸில் பெரும்பாலும் அது 'டக்-டக்' என்று இரட்டையாக மின்னும், போயிங்கில் ஒற்றையாக. உருவம் தெரியுமுன்பே கம்பெனி தெரிந்துவிடுகிறது. கிட்டே வந்ததும் சக்கரங்கள். போயிங் 767 இல் காலுக்கு நான்கு சக்கரம், முன்சோடி தாழ்ந்து தொங்கும். 777 இல் காலுக்கு ஆறு, பின்பக்கம் தாழ்ந்து தொங்கும். ஒன்று நுனிக்காலில் இறங்குகிறது, மற்றது குதிகாலில்.

ஈரப்பதம் கூடிய காலைகளில் இன்னொரு காட்சி கிடைக்கும். இறக்கைக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைகிறது, அதோடு வெப்பமும் குறைகிறது. காற்றிலிருக்கும் நீர் ஒரு கணம் மேகமாகிறது. மடிப்புப் பலகைகளின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் சுருண்டு பின்னால் ஓடும். சில நேரம் இறக்கை முழுவதும் ஒரு முண்டாசுத் துணி போர்த்தியதுபோல் மேகம் தோன்றி அதே வேகத்தில் இல்லாமலாகும். பக்கக்காற்று அடிக்கும் நாளில் விமானம் மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே நண்டு மாதிரி வரும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பைலட் அதை நேராக்குவார். பிறகு சக்கரம் தொடும் கணம். அதுவரை சுழலாமல் இருந்த டயர் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தரையைத் தொடுகிறது. சுழற்சிக்கு வருவதற்குள் ரப்பர் தேய்ந்து கருகி, நீலம் கலந்த வெண்புகை எழும். 'கீச்' என்று ஒரு ஒலி, தூரத்தில் நிற்பவருக்குப் புகை எழுந்த பிறகே வந்துசேரும்.

ஓசைகளுக்கு வருவோம். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் இதில் நுட்பமானது என்பது என் எண்ணம். பெரிய எஞ்சின்கள் கிளம்பும்போது முன்புறமிருந்து கேட்பவருக்கு ரம்பம் அறுப்பது போன்ற ஒலி வரும். எஞ்சினின் முன்விசிறி இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால் எழும் சிறுசிறு அதிர்வலைகள் அவை. ஏர்பஸ் 320 நிலையத்தில் நிற்கையில் அதன் வயிற்றிலிருந்து நாய் குரைப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பயணிகள் பயந்துபோவார்கள். ஒரு திரவ அழுத்தக் குழாய் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு விசையைக் கடத்தும் கருவி விட்டுவிட்டு வேலை செய்வதுதான் அது. இதே 320 இறங்க வரும்போது, எஞ்சின் சத்தத்துக்கு முன்பாகவே ஒரு ஊளை கேட்கும். இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சமன்செய்ய வட்டத் துளைகள் உண்டு. அவற்றின் வாயைக் காற்று கடக்கையில், காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அதுதான். பல கிலோமீட்டர் தூரம் ஊரையே தூங்கவிடாமல் செய்த இந்த ஊளைக்கு மருந்து, துளைக்கு முன்னால் ஒட்டப்படும் சின்ன உலோகத் துண்டு. 2014 இல் லுஃப்தான்சா தன் விமானங்களில் அதைப் பொருத்தத் தொடங்கியது. ஒரு தகடு வைத்தால் போய்விடக்கூடிய சத்தத்தை 1980களிலிருந்து எத்தனை ஊர்கள் சகித்துக்கொண்டிருந்தன என்று வேலியோரம் நிற்பவருக்குக் கணக்கு போடத் தெரியும். தரையில் கேட்பவரின் காது விமான வடிவமைப்பாளரின் மேசையில் எவ்வளவு தாமதமாக இடம்பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் விசித்திரமான ஒலி, விமானம் போன பிறகு வருவது. பெரிய விமானம் ஒன்று தலைக்குமேல் போய் இறங்கிவிடும். இரைச்சல் ஓயும். பேச்சு மறுபடி தொடங்கும். சில வினாடிகள் கழித்து, ஒன்றுமே இல்லாத வானத்திலிருந்து துணி கிழிவது மாதிரி, சாட்டையை வீசுவது மாதிரி ஒரு சீறல் இறங்கிவரும். காற்றில்லாத நாளில் மரத்தின் உச்சி மட்டும் ஆடும். இறக்கை நுனிகளிலிருந்து கழன்ற இரண்டு காற்றுச் சுருள்கள் மெல்லத் தாழ்ந்து தரையை அடைவதன் ஓசை அது. விமானம் எத்தனை கனமோ, எத்தனை மெதுவோ, சுருள் அத்தனை வலுவானது. வேலியோரம் நிற்கிற ஆர்வலர்கள் இதற்காகவே பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். ஆனால் இந்தச் சுருள்தான் பக்கத்து வீட்டுக் கூரை ஓடுகளைப் பிடுங்கி எறிவதும். பாதிக்கப்படும் கூரைகளைக் கட்டிக்கொடுக்க ஹீத்ரோ நிர்வாகம் தனித் திட்டமே வைத்திருக்கிறது. ஒருவருடைய இன்பம் இன்னொருவருடைய ஓடு. மூன்றாவது ஓடுபாதை வந்தால் வீடு போகும் என்று பல ஆண்டுகளாகப் போராடும் சிப்ஸன் கிராமத்தார் முன்னாலோ, 2022 முதல் பரந்தூர்த் திட்டத்தை எதிர்த்து நிற்கும் ஏகனாபுரத்தார் முன்னாலோ போய் விமான ஓசையின் அழகைப் பேசுவது அநாகரிகம். வேலியோரத்தில் நிற்பவர்களில் பலர் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது என் புகார்களில் ஒன்று.

இந்தச் சில்லறைகளை வரிசைப்படுத்தியதில் ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும். இரட்டை மின்னல், ஒற்றை மின்னல், நுனிக்கால், குதிகால், ஊளை, ஊளையின்மை. எதுவும் தன்னளவில் அர்த்தமுள்ளதல்ல, மற்றதிலிருந்து வேறுபடுவதாலேயே அர்த்தம் பெறுகிறது. சசூர் மொழியைப் பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. நமக்கு வானத்தில் இருப்பது ஒரே ஒரு சொல்: 'ஏரோப்ளேன்'. அவருக்கு அங்கே ஒரு மொழியே இருக்கிறது. பயிற்சி இல்லாதவனுக்கு இரைச்சல், பயின்றவனுக்குப் பிரதி. வாசிப்பின் இன்பம் பற்றி நாம் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம். அந்த இன்பத்தை இலக்கியத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

வால்பகுதியில் எழுதியிருக்கும் பதிவெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனுக்கு 'ஜி', ஜெர்மனிக்கு 'டி', அமெரிக்காவுக்கு 'என்', இலங்கைக்கு '4ஆர்'. இந்தியாவுக்கு 'விடி', பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் ஒதுக்கிய எழுத்து, 1947 க்குப் பிறகும் மாறவில்லை. சுதந்திர இந்தியாவின் ஒவ்வொரு விமானத்தின் உடம்பிலும் காலனியத்தின் முத்திரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அரசியல் பாடம் தேவையில்லை, வேடிக்கை பார்த்தால் போதும். இந்த எண்களைக் குறித்துவைப்பதும், ஒரு விமானத்தை முதல்முறையாகப் பார்த்தால் நோட்டில் கோடு போடுவதும்தான் பழைய வழக்கம். சேகரிப்பவரின் வெறி பற்றி வால்டர் பெஞ்சமின் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சேகரித்தது புத்தகம், அலமாரியில் வைக்கலாம். இவர்கள் சேகரிப்பது பார்த்தேன் என்பதை மட்டுமே. சொத்தில்லாதவர்களின் சேகரிப்பு.

இந்தக் கண்ணும் காதும் எங்கிருந்து வந்தன? போரிலிருந்து. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1920களின் இறுதியில் கென்ட் கடற்கரையில் டெஞ்ச் என்ற இடத்தில் பிரிட்டிஷ் ராணுவம் காங்கிரீட்டால் பிரமாண்டமான ஒலிக்கண்ணாடிகளைக் கட்டியது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் விமான ஓசையைக் குவித்துக் கேட்பதற்காக. ஒன்று 200 அடி நீளச் சுவர். இன்றும் அங்கே நிற்கிறது, கேட்க எதுவுமில்லாத காதாக. விமானங்களின் வேகம் கூடியது, ரேடார் வந்தது, காங்கிரீட் காது பயனற்றுப்போனது. ஆனால் மனிதக் காது போகவில்லை. 1940 இல் ரேடார் கடலைத்தான் பார்த்தது. கரையைத் தாண்டி உள்நாட்டுக்குள் வந்துவிட்ட எதிரி விமானத்தைப் பின்தொடர்ந்து சொன்னவர்கள், 1925 இல் தொடங்கப்பட்ட அவதானிப்பாளர் படையின் தொண்டர்கள், சாதாரணக் குடிமக்கள். விமானங்களை நிழலுருவத்திலும் ஒலியிலும் இனம்காணத் தாங்களாகவே கூடிப் பயின்றார்கள். கில்ட்ஃபோர்டில் அவர்கள் அமைத்த சங்கத்தின் பெயர் 'ஹார்க்கர்ஸ் கிளப்'. செவிகொடுப்போர் சங்கம் எனலாம். 1941 ஜனவரியில் இதற்கென்றே ஒரு பத்திரிகை 'தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' என்ற பெயரில் வந்தது, 1948 வரை நடந்தது. போர் முடிந்தது. பயின்ற கண்ணை என்ன செய்வது? அதுவரை கடமையாக இருந்தது பொழுதுபோக்காக ஆயிற்று. கொல்ல வருவது எது என்று அறியக் கற்ற வேறுபாடுகளை, கொல்ல வராதவற்றின்மீது பிரயோகித்துப் பார்ப்பதில்தான் இந்த இன்பம் தொடங்குகிறது.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1990 ஜூனுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் கிழவிகளுக்கும் குழந்தைகளுக்கும்கூட இந்த வாசிப்பு தெரிந்திருந்தது. ஹெலியின் துடிப்பு வேறு, பொம்பரின் இரைச்சல் வேறு. இத்தாலியச் சிறு விமானம் அவர்கள் வாயில் 'சியாமாசெட்டி' ஆயிற்று. அர்ஜென்டினாவிலிருந்து வந்தது 'புக்காரா'. பீப்பாய்க் குண்டை உருட்டிவிட்ட சரக்கு விமானம் 'சகடை'. பெயரைச் சொன்னாலே ஒரு பாரவண்டி வானத்தில் உருள்கிறது. 1996 இலிருந்து 'கிபிர்'. 'பொம்பர் வருது, பங்கருக்கை ஓடு' என்று சொல்பவர் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, கேட்டுவிட்டுச் சொன்னார். 1995 ஜூலை 9 இல் நவாலி தேவாலயத்தின்மீதும், 2006 ஆகஸ்ட் 14 இல் செஞ்சோலையின்மீதும் விழுந்த குண்டுகள், காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் போதாது என்பதற்குச் சாட்சி. கில்ட்ஃபோர்டுக்காரர் பயின்ற அதே வேறுபாட்டு அமைப்புதான். மொழியியல்ரீதியாக எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் ஒருவருக்கு அது நோட்டில் ஒரு கோடு, மற்றவருக்குப் பங்கருக்கு எத்தனை எட்டு என்ற கணக்கு. அமைப்பியல் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது. ஹவுன்ஸ்லோவிலும் சவுத்ஹாலிலும் இன்று ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய காதில் ஹீத்ரோவின் ஓசை என்னவாக விழுகிறது என்பதை யாராவது எழுதவேண்டும்.

அரசுக்கு இந்த இன்பம் புரிவதேயில்லை. புரியாததைச் சந்தேகிப்பது அதன் இயல்பு. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில், பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களும் இரண்டு டச்சுக்காரர்களும் பதிவெண் எழுதிக்கொண்டிருந்ததற்காகக் கைதானார்கள். வாரக்கணக்கில் சிறை. 2002 ஏப்ரலில் உளவுக் குற்றத்துக்காக எட்டுப் பேருக்கு மூன்றாண்டு, உடந்தை என்று ஆறு பேருக்கு ஓராண்டு தண்டனை. அந்த நவம்பரில் மேல்முறையீட்டில் எல்லாரும் விடுதலை. பயனில்லாமல் ஒருவன் எதையாவது குறித்துவைப்பானா என்பதுதான் அந்த வழக்கு முழுவதும் தொங்கிய கேள்வி. 2010 இல் டெல்லி விமானநிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் தங்கி, ரேடியோவில் விமானிகள் பேசுவதைக் கேட்ட இரண்டு பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே கதி. சில வாரங்கள் கழித்துத்தான் வீடு திரும்பினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றும் ரகசிய அலைவரிசை அல்ல. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுக்க ஒன்றுதான். பெரிய விமானம் தன் பெயரோடு 'ஹெவி' என்று சேர்த்துக்கொள்வதும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னை 'ஸ்பீட்பேர்ட்' என்று அழைத்துக்கொள்வதும், இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் அலைகள் மோதிக் கிறீச்சிடுவதும் அதில் கேட்கிற சங்கதிகள். ஒரு சின்ன ரேடியோவில் இவ்வளவுதான் கிடைக்கும்.

சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, தோழர்களே. எண்ணைக் குறித்துவைக்கிற நோட்டு சிலருக்கு ஆபத்தானதுதான். ஆனால் யாருக்கு? 2001 அக்டோபரில் கராச்சி விமானநிலையத்தில் நள்ளிரவில் ஒரு மாணவர் அமெரிக்கர்களிடம் ஒப்படைக்கப்பட்டு ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டில் ஏற்றப்பட்டார். பாகிஸ்தான் பத்திரிகை ஒன்று சில நாட்களில் அதன் எண்ணோடு செய்தியை வெளியிட்டது: என்379பி. அதே எண் அவ்வாண்டு டிசம்பர் 18 இல் ஸ்டாக்ஹோம் புரோமா நிலையத்தில், இரண்டு எகிப்தியர்களைக் கெய்ரோவின் சித்திரவதைக்குக் கொண்டுபோக வந்து நின்றது. 2004 மே மாதத்தில் ஸ்வீடன் தொலைக்காட்சி ஒன்று அந்த எண்ணைத் தொடர்ந்துபோய்க் கதையை அவிழ்த்தது. 2004 ஜனவரியில் மயோர்கா தீவின் பால்மா நிலைய வேலியோரம் நின்ற ஒரு வேடிக்கைக்காரர், பெயரில்லாத வெள்ளைப் போயிங் 737 ஒன்றைப் படமெடுத்தார். என்313பி. வேறு காரணம் எதுவும் இல்லை, பார்த்திராத விமானம், அவ்வளவுதான். அந்த விமானம் அங்கிருந்து ஸ்கோப்யே போய், ஆள்மாறாட்டத்தில் பிடிபட்ட ஜெர்மானியக் குடிமகன் காலித் எல்-மஸ்ரியை ஏற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தான் சென்றது. 2012 டிசம்பர் 13 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மாசிடோனிய அரசைக் குற்றவாளி என்று தீர்த்தபோது, அந்த விமானம் எங்கிருந்து எங்கே போனது என்பதும் சாட்சியத்தில் ஒரு கண்ணியாக இருந்தது.

அந்த ஜெட்டுகளின் எண்கள் பிறகு மாற்றப்பட்டன. கல்ஃப்ஸ்ட்ரீம் முதலில் என்8068வி ஆயிற்று, பிறகு என்44982. 737, என்4476எஸ் ஆயிற்று. ஆனால் விமானத்தைத் தயாரித்த கம்பெனி கொடுக்கும் வரிசை எண் மாறுவதில்லை. பழைய நோட்டுக்காரர்கள் பதிவெண்ணோடு அந்த வரிசை எண்ணையும் சேர்த்தே வைத்திருப்பார்கள், யாரையும் காட்டிக்கொடுப்பதற்காக அல்ல, ஒரே விமானத்தை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாதே என்பதற்காக. கணக்கில் நேர்மையாக இருக்கவேண்டும் என்ற அந்தச் சின்னப் பிடிவாதம் உளவுத்துறையின் ஏற்பாட்டில் ஓட்டை போட்டது. அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் போர் எதிர்ப்பாளர்கள் பின்னர் இந்தக் கலையை வேலியோரக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, ராணுவ விமானங்களை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார்கள்.

இன்று கைப்பேசியில் செயலியைத் திறந்தால் தலைக்குமேல் போவது என்ன, எங்கிருந்து, எங்கே என்று எழுதிக் காட்டிவிடுகிறது. விமானமே தன் அடையாளத்தை ஒலிபரப்புகிறது. வேடிக்கைக்காரர்களில் பழையவர்கள் இதில் பாதி சந்தோஷம், பாதி சலிப்பு. பெயரை முதலில் சொல்லிவிட்டால் ஊளையையும் மின்னலையும் வைத்து ஊகிக்கிற சுகம் போய்விடுகிறது அல்லவா. ஆனால் செயலியில் எல்லா விமானமும் வருவதில்லை. தனியார் ஜெட் வைத்திருப்பவர் அமெரிக்க விமான நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டால், அது வெளியே கொடுக்கும் தகவலிலிருந்து அவருடைய விமானம் நீக்கப்படும். ராணுவ விமானம் ஒலிபரப்பையே நிறுத்திக்கொள்ளலாம். அப்போது திரையில் அந்த இடம் வெறும் வானமாக இருக்கும். வேலியோரத்தில் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.